கொட்டியாரக் கடிதமும் கைத்தொலைபேசிப் பிள்ளைகளும்

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, மகாவலி கங்கை கடலைச் சேரும் இடத்தில் விரிந்து கிடப்பது கொட்டியாரக்குடா. 1660ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்னும் கப்பல் இங்கே வந்து நங்கூரமிட்டது. மசூலிப்பட்டினத்தில் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்திருந்த கப்பல் அது. புதிய பாய்மரம் நாட்டுவதும், இயன்றால் சிறிது வணிகம் செய்வதுமே வந்த காரியம். கப்பலின் தலைவர் பெயர் றொபேட் நொக்ஸ். உடன் வந்த அவருடைய மகனுக்கும் அதே பெயர். மகனுக்கு அப்போது வயது 19.

கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் திசாவை நயமாக அழைப்பு விடுத்து, கரையிறங்கிய கப்பற்றலைவரையும் உடனிருந்தோரையும் பிடித்துக்கொண்டான். கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவருமாறு கட்டளை அனுப்பும்படி தலைவரை நெருக்கினான். தந்தை தம் மகனையே அந்தக் கட்டளையோடு கப்பலுக்கு அனுப்பினார். ஆனால் இரகசியமாக அவனிடம் சொல்லி அனுப்பியது வேறு. பீரங்கிகளை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். இருட்டிய பின் எந்தப் படகையும் அண்டவிடக் கூடாது. அத்தோடு, தம்மை அந்த நிலையில் கைவிடாமல் திரும்பி வரவேண்டும் என்றும் மகனிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

மகன் கப்பலுக்குச் சென்றான். சொன்னவை யாவும் செய்யப்பட்டதைக் கண்டபின் ஒரு கடிதம் எழுதினான். கப்பலில் எஞ்சியிருந்தோர் தலைவருக்கு எழுதுவதாக அமைந்த கடிதம் அது. இந்த விடயத்தில் தலைவரின் கட்டளைக்கோ வேறெவர் கட்டளைக்கோ தாம் பணியப்போவதில்லை, தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் துணிந்துவிட்டோம் என்பது அதன் சாரம். எல்லோரிடமும் கையொப்பம் வாங்கினான். அதை எடுத்துக்கொண்டு, வாக்களித்தபடி, பிடிபட்டிருந்த தந்தையிடம் திரும்பினான். கப்பல் தப்பியது. கட்டளையை மீறியவர்கள் கப்பலில் இருந்தோரே என்றானதால் தந்தையின் மீதும் மகனின் மீதும் பழி விழவில்லை. ஆனால் திரும்பி வந்த குற்றத்திற்காக அந்த இளைஞன் 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ நேர்ந்தது. தந்தை 1661இல் அங்கேயே நோயில் இறந்தார். 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்ற மகன், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலே இலங்கை வரலாறு படிப்போர் யாவரும் அறிந்த நொக்ஸின் நூல். மேற்சொன்ன செய்திகளும் அதில் உள்ளவையே.

நொக்ஸ் என்றதும் பலரும் பேசுவது அவரது சிறைவாழ்வையும், கண்டி மக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி அவர் எழுதியவற்றையும்தான். என் மனதில் தங்கியிருப்பது அந்தச் சிறு கடிதம். பெயரளவில் அது தந்தைக்கு எழுதப்பட்டது. உண்மையில் திசாவைக்காக எழுதப்பட்டது. நான்கு விடயங்களை அந்த 19 வயது இளைஞன் எண்ணிப்பார்த்திருக்கிறான். இந்தக் கடிதம் யாருக்கு எழுதப்படுகிறதோ அவரைத் தவிர வேறு யார் கைக்குப் போகும்? அதனால் யாருக்கு ஆபத்து நேரும்? பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல இயலாத வேளையில் அது எப்படிப் பொருள்படும்? எழுதியதற்குப் பொறுப்பேற்பவர் யார்?

அதே கொட்டியாரக்குடாவின் கரையில் இன்று மூதூரிலும் கிண்ணியாவிலும் திருகோணமலை நகரிலும் 14, 15 வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குப் பல பத்துச் செய்திகளைக் கைத்தொலைபேசியில் எழுதி அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் எழுதப்பட்டவரைத் தாண்டி வேறொருவர் கைக்குப் போகக்கூடியது. நொக்ஸ் எண்ணிப்பார்த்த அந்த நான்கு கேள்விகளையும் அவர்களுக்கு யாரும் முறையாகக் கற்பிப்பதில்லை. பிள்ளைகளைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. முன்னைய தலைமுறைகளுக்கும் இதை எவரும் தனிப்பாடமாகக் கற்பிக்கவில்லை. அவர்களுக்கு அந்தத் தேவை குறைவாக இருந்தது. ஏனென்றால் செய்தி என்பது எழுதியவரிடமிருந்து படிப்பவரிடம் போய்ச் சேருமுன் சில கைகளைக் கடந்து போயிற்று. அந்தக் கைகள் செய்தியைத் தாமதப்படுத்தின, தாமதப்படுத்தியதாலேயே திருத்தின. அந்தக் கைகள் ஒவ்வொன்றாக மறைந்த கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

வேகத்தின் மீதான ஆசை எங்கள் தொழிலுக்கு மிகப் பழையது. 1850களில் காலித் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களிலிருந்து கிடைத்த வெளிநாட்டுச் செய்திகளைக் கொழும்புக்குக் கொண்டுவர 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை புறாக்களைப் பயன்படுத்தியது. 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக்கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. தந்தி வேகமானது, ஆனால் சொல்லுக்குச் சொல் காசு கேட்டது. எனவே தந்தி அனுப்புபவர் படிவத்தை நிரப்புமுன் எது இன்றியமையாதது, எதை விட்டுவிடலாம் என்று யோசிக்க வேண்டியிருந்தது. தபாற்கந்தோரில் இருந்த எழுதுவினைஞர் சொற்களை எண்ணுவார். எழுத்துப் புரியாவிட்டால் கேட்பார். பெயரும் நாளும் தவறாக இருப்பதுபோல் பட்டால் அதையும் கேட்பார். நமது கிராமங்களில் தந்திக்காரரின் சைக்கிளைக் கண்டதுமே, உறையைப் பிரிக்குமுன்னரே அழுகுரல் எழுந்த காலம் ஒன்று இருந்தது. செய்தியின் வடிவமே அதன் கனத்தை அறிவித்தது.

சுருங்கச் சொல்வது மட்டும் போதுமா என்றால், போதாது. அதற்கும் கொட்டியாரக்குடாவின் கரையிலேயே சான்று உண்டு. நொக்ஸ் பிடிபட்ட இடமெனக் கருதப்படும் மூதூரின் மரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. கப்பற்றலைவரான றொபேட் நொக்ஸ் அங்கே பிடிபட்டார் என்றும், நொக்ஸ் 19 ஆண்டுகள் கண்டி மன்னனிடம் கைதியாக இருந்தார் என்றும் அது சில வரிகளில் கூறுகிறது. படிப்பவர் இருவரையும் ஒருவராகவே கொள்வார். பிடிபட்ட தலைவர் தந்தை. 19 ஆண்டுகள் இருந்தவர் மகன். கல்லில் வெட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. முன்பின் அறியாத ஒருவர் இதைப் படித்தால் என்ன விளங்கிக்கொள்வார் என்பதை எண்ணிப்பார்க்கவில்லை, அவ்வளவே.

தந்தியை அடுத்து நினைவுக்கு வருபவர் பெட்டிசம் எழுதுபவர். கச்சேரிகளின் அருகிலும் நீதிமன்ற வாசல்களிலும் ஒரு மேசையும் தட்டச்சுப் பொறியுமாக அமர்ந்திருந்த இம்மனிதர்களை ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் நன்கு அறிவார்கள். எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டான் என்று கொதித்தபடி வருபவர் அயலவனைப் பற்றிச் சொல்லும் வசைகளையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்பார். ஆனால் தட்டச்சில் ஏறுவது காணியின் பெயர், அளவு, உறுதி எழுதிய ஆண்டு, நடந்தது என்ன, வேண்டுவது என்ன என்பவை மட்டுமே. வசையை எழுதினால் காரியம் நடக்காது என்பதை அவர் அறிவார். எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்துக் காட்டுவார். தன் கோபம் கடதாசியில் எப்படி அடங்கிப்போயிற்று என்று கேட்டு வியந்தவர்கள் உண்டு.

போர்க்காலம் வேறொரு கையைக் கொண்டுவந்தது. 1989 முதல் இலங்கையில் பணியாற்றிய சர்வதேச செஞ்சிலுவைக் குழு, பிரிந்துபோன குடும்பங்களுக்கும் தடுப்பிலிருந்தோருக்கும் இடையே செஞ்சிலுவைச் செய்திப் படிவங்களைக் கொண்டுசென்றது. திருகோணமலைத் துறைமுகம் அக்குழுவின் கடற்பயணங்களோடு நெருங்கிய தொடர்புடையது. 2009இல் வன்னியிலிருந்து காயமுற்றோர் கப்பலில் முதலில் கொண்டுவரப்பட்டதும் இங்கேதான். அந்தச் செய்திப் படிவம் உறையிடப்படாத திறந்த கடிதம். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். வழியில் பிறர் படிப்பார்கள் என்பது எழுதுபவருக்கும் தெரியும், பெறுபவருக்கும் தெரியும். அந்தச் சில வரிகளுக்குள் தாயும் மகனும் ஒருவரையொருவர் ஆபத்துக்குள்ளாக்காமல், ஆனால் உயிரோடிருப்பதையும் அன்பையும் உணர்த்தி எழுதக் கற்றுக்கொண்டார்கள். நொக்ஸ் எண்ணிய முதலிரண்டு கேள்விகளையும் போர் அவர்களுக்குக் கற்பித்தது. அவ்வாறு கற்க நேர்வது யாருக்கும் வேண்டாத கல்வி.

பத்திரிகைக் கந்தோரிலும் கைகள் பல இருந்தன. பிராந்தியச் செய்தியாளர் அனுப்புவதை உதவி ஆசிரியர் திருத்துவார். ஒப்புநோக்காளர் எழுத்துக்கு எழுத்துப் பார்ப்பார். ஆசிரியர் தலைப்பை மாற்றுவார். மாவட்டங்களிலிருந்து தொலைபேசியில் செய்தி வாசிக்கும் நிருபரிடம் மேசையில் இருப்பவர் கேட்கும் முதற்கேள்வி ஒன்றுதான். நீர் நேரில் கண்டீரா, கண்டவர் உம்மிடம் சொன்னாரா, அல்லது கண்டவரிடம் கேட்டவர் சொன்னாரா? மூன்றாவது என்றால் செய்தி ஒருநாள் காத்திருக்கும். இத்தனை கைகளையும் மீறித் தவறுகள் அச்சேறின என்பது உண்மை. பத்திரிகைகளே வதந்திக்கும் துவேஷத்துக்கும் துணைபோன காலங்களும் உண்டு. ஆயினும், அந்தக் கைகள் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

தெற்காசியாவில் கைத்தொலைபேசிச் சேவை முதலில் தொடங்கியது இலங்கையில், 1989இல். வடக்கு கிழக்கில் அது பரவியது பெரும்பாலும் 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னரே. உலகின் முதற் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் திகதி பிரித்தானியாவில் அனுப்பப்பட்ட நத்தார் வாழ்த்து. ஒரு குறுஞ்செய்தியின் அளவு 160 எழுத்துகள். ஆனால் இது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 இடங்களே கிடைக்கும். அதிலும் உயிர்மெய்க் குறிகள் தனித்தனியே எண்ணப்படும். 'திருகோணமலை' என்னும் ஆறெழுத்துச் சொல் 10 இடங்களைப் பிடித்துக்கொள்ளும்.

இதன் விளைவாகவும், ஆரம்பகாலக் கருவிகளில் தமிழ் எழுத்து இல்லாத காரணத்தாலும், ஒரு தலைமுறையே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகியது. அந்த எழுத்தில் 'கொல்' என்பதும் 'கொள்' என்பதும் ஒன்றே. 'மனம்' என்பதும் 'மணம்' என்பதும் ஒன்றே. சொல்லின் பொருளை முன்பின் தொடர்பை வைத்தே ஊகிக்க வேண்டும். இன்று எல்லாக் கைத்தொலைபேசிகளிலும் தமிழ் எழுத்து உண்டு. வட்ஸ்அப்பில் எழுத்தை எண்ண வேண்டிய தேவையும் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. ஊகித்துப் படிக்கும் பழக்கமும் போகவில்லை. ஊகித்துப் படிப்பவரே தவறாகப் படிப்பவர்.

செய்தியின் பெறுமதியைத் திருகோணமலைக் கரை மறக்கமுடியாத விதத்தில் அறிந்தது 2004 டிசம்பர் 26ஆம் திகதி. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்ததற்கும் இலங்கையின் கிழக்குக் கரையில் கடல் புகுந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் இருந்தன. ஹவாயிலிருந்த ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அதிர்வைப் பதிவுசெய்திருந்தது. ஆனால் இந்து சமுத்திரக் கரைகளுக்குச் செய்தி சொல்ல வழியும் இருக்கவில்லை, பெறுவதற்கு ஆளும் இருக்கவில்லை. கிண்ணியாவில் வைத்தியசாலையே அழிந்தது. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறைமை பின்னர் உருவாக்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் அதிர்வு ஏற்பட்டபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் கரையை விட்டு விலகினர், பேரலை வரவில்லை. இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கடல் வருகிறது என்று விளையாட்டாகப் பரப்பப்படும் ஒவ்வொரு பொய்ச் செய்தியும், மெய்யாகவே வரப்போகும் எச்சரிக்கையின் மீதுள்ள நம்பிக்கையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர், படையினர் தம்மைச் சூழ்ந்திருப்பதை இறுதி வேளையில் கைத்தொலைபேசி மூலம் தமக்கு உணர்த்தினார் என்று அவருடைய தந்தை பின்னர் சர்வதேச அரங்குகளில் சாட்சியமளித்தார். கைக்குண்டு வெடித்தே அவர்கள் இறந்தனர் என்பது முதலில் தரப்பட்ட விளக்கம். 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.

இந்த நிகழ்வை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. கைத்தொலைபேசியில் எழுதுவதைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பேசும் பெரியவர்கள் பெரும்பாலும் 'வாயை மூடு' என்பதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். திருகோணமலையின் வரலாறு அதை ஏற்க இடம் தரவில்லை. ஓர் இளைஞர் அனுப்பிய சிறு செய்தியும் ஒரு செய்தியாளரின் சில படங்களும் இல்லாதிருந்தால், அந்த ஐவரின் மரணம் பற்றி முதலில் சொல்லப்பட்டதே நிலைத்திருக்கும். கண்டதைக் கண்டபடி, இடமும் நேரமும் பிழையின்றிச் சொல்வது ஒரு கடமை. பிள்ளைகள் அதையும் கற்க வேண்டும். கேட்டதைக் கண்டதாகச் சொல்லாதிருப்பது அதே பாடத்தின் மறுபாதி.

மறுபாதியைக் கல்லாததன் விலையை இதே கிழக்கு மாகாணம் 2018இல் செலுத்தியது. அவ்வாண்டு பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் கிடந்த ஏதோவொன்றைக் காட்டி, இது மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மருந்தா என்று சிங்களத்தில் கேட்டார்கள். சிங்களம் சரிவர விளங்காத அந்தக் காசாளர் கலவரத்தில் ஆமெனும் விதமாக ஏதோ சொல்லிவைத்தார். அந்தக் காட்சி கைத்தொலைபேசியில் பதிவாகிப் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் கூறியது. ஆனால் அதற்குள் மார்ச் முதல் வாரத்தில் திகனை, தெல்தெனியப் பகுதிகள் எரிந்தன, உயிர்கள் பறிபோயின. அவசரகால நிலை பிரகடனமாயிற்று. சமூக வலைத்தளங்கள் ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. இலங்கையில் தன் தளம் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

மறுஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாடு நடுங்கிக்கொண்டிருந்த வேளையில், மே 12ஆம் திகதி சிலாபத்தில் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதீர்கள், ஒருநாள் அழுவீர்கள் என்ற பொருள்பட்ட வரி. விவாதமொன்றில் ஒருவருக்குப் பதிலாக எழுதப்பட்ட அந்த வரி, வரப்போகும் தாக்குதலுக்கான மிரட்டல் என்று படிக்கப்பட்டது. ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. மறுநாள் வன்முறை வடமேல் மாகாணத்திலும் கம்பஹா மாவட்டத்திலும் பரவி ஒருவர் கொல்லப்பட்டார். வன்முறைக்குப் பொறுப்பு வன்முறை செய்தவர்களுடையதே. அதை அந்த வரியின் மீது சுமத்த முடியாது. ஆனால் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல இயலாத வேளையில் ஒரு சொல் எப்படிப் பொருள்படும் என்னும் நொக்ஸின் மூன்றாவது கேள்விக்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

திருகோணமலையும் இதற்கு விலக்கானதன்று. 2018 ஏப்ரலில் நகரப் பாடசாலையொன்றில் ஆசிரியைகளின் ஆடை பற்றி எழுந்த பிணக்கு, பாடசாலை வாசலைத் தாண்டிச் சமூக வலைத்தளங்களில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலான வசைப்போராக மாறியதை வாசகர்கள் நினைவுகூரக்கூடும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பேருந்தில் பயணம் செய்யும் மாவட்டம் இது. இங்கே இரவில் எழுதிய வரிக்கு மறுநாட் காலை முகம்கொடுக்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளிடம் கைத்தொலைபேசி வந்துவிட்டதே என்று அங்கலாய்ப்பதிலும் பொருளில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்களை வட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி அந்தக் கருவியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தவர்கள் நாமே. கருவியைக் கொடுத்தோம், எழுதும் முறையைக் கொடுக்கவில்லை.

சட்டத்தால் இதைச் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இலங்கையில் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கருத்துச் சுதந்திரத்தை அது நெரிக்கும் என்ற கண்டனமும் உடன் எழுந்தது. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்துள்ளது. ஆயினும் வட்ஸ்அப் போன்ற செய்திச் சேவைகளை அந்தத் தடை தொடவில்லை. சட்டம் எழுதிய பின்னர் தண்டிக்கும். தடை எழுதும் வயதைத் தள்ளிப்போடும். எழுதுமுன் யோசிக்க வைப்பது இரண்டுக்கும் இயலாது. வட்ஸ்அப் நிறுவனமே, இந்தியாவில் வதந்தியால் நிகழ்ந்த கும்பற் கொலைகளுக்குப் பின், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதென்ற கட்டுப்பாட்டை 2018இல் இந்தியாவிலும் 2019இல் உலகெங்கும் கொண்டுவந்தது. பழைய தந்திக் கந்தோரின் தாமதத்தைப் புதிய நிறுவனம் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியதாகவே நான் இதைக் காண்கிறேன்.

கற்பிக்க முடியும் என்பதற்கு அயலில் முன்மாதிரி உண்டு. கேரளாவின் கண்ணூர் மாவட்டத்தில், தடுப்பூசி பற்றிய வதந்திகள் வட்ஸ்அப்பில் பரவிப் பெற்றோர் தடுப்பூசிக்கு மறுத்த அனுபவத்தின் பின், 2018இல் மாவட்ட நிர்வாகம் சுமார் 150 அரச பாடசாலைகளில் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகளை நடத்தியது. வகுப்பொன்று 40 நிமிடம். பெரும் பணமோ புதிய கட்டடமோ அதற்குத் தேவைப்படவில்லை. ஓர் ஆசிரியரும், பிள்ளைகள் நிதமும் காணும் உதாரணங்களும் போதுமாயிருந்தன.

நமது பாடசாலைகளில் தமிழ்மொழிப் பாடத்தில் கடிதமும் சுருக்கமும் கற்பிக்கப்படுகின்றன. அவற்றையே சற்று நீட்டினால் போதும். நடந்த ஒரு நிகழ்வைப் பத்துச் சொல் தந்தியாக எழுதச் சொல்லலாம். பிறகு அதை நிகழ்வறியாத இன்னொரு மாணவரிடம் கொடுத்து, விளங்கியதைச் சொல்லச் சொல்லலாம். மூதூர்க் கல்லின் பிழை அங்கே தானாக வெளிப்படும். 'பார்த்துக்கொள்கிறேன்' என்னும் ஒரே சொல்லை அன்போடு ஒருமுறையும் கோபத்தோடு ஒருமுறையும் உரக்க வாசிக்கச் சொல்லலாம். குரலில் இரண்டாகக் கேட்பது எழுத்தில் ஒன்றாகவே கிடப்பதைப் பிள்ளைகள் காண்பார்கள். கோபத்தில் எழுதிய முறைப்பாட்டை ஓரிரவு வைத்திருந்து மறுநாள் திருத்தச் சொல்லலாம். பெட்டிசம் எழுதுபவர் செய்த வேலை அதுவே. பகிரப்பட்டு வந்த ஒரு செய்தியை எடுத்து, கண்டவர் யார், கேட்டவர் யார் என்று தேடச் சொல்லலாம். உதவி ஆசிரியரின் வேலை அது.

இன்னொன்றும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழும் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகின்றன. பெரும்பாலும் அது பரீட்சைக்கான பாடமாகவே முடிந்துவிடுகிறது. அந்தப் பாடவேளையில் ஒரு மொழிப் பிள்ளை மற்ற மொழிப் பிள்ளைக்கு நான்கு வரிச் செய்தி எழுதி, பதில் பெற்று, விளங்காததைக் கேட்கப் பழகினால் அம்பாறையில் நடந்ததுபோன்ற ஒன்று நடக்கும் வாய்ப்புக் குறையும். விளங்காத கேள்விக்குத் தலையாட்டாமல் 'எனக்கு விளங்கவில்லை' என்று சொல்லும் துணிவு மொழிப்பாடத்தின் முதற்பயன்.

இவை தமிழ் மரபுக்கு அந்நியமானவையும் அல்ல. இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, சொல்வன்மை, தூது என்று சொல்லையும் செய்தியையும் பற்றித் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தவர் திருவள்ளுவர். இந்த அதிகாரங்களை நமது பிள்ளைகள் மனனம் செய்து பரிசில் வாங்குகிறார்கள். மேடையை விட்டு இறங்கியதும் கையிலெடுக்கும் கருவிக்கும் அவை பொருந்தும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இன்று 15 வயதுப் பிள்ளை ஒருவரே தம் செய்திக்குச் செய்தியாளரும், ஆசிரியரும், ஒப்புநோக்காளரும், அச்சகமும், தபாற்காரருமாக இருக்கிறார். முன்னர் இந்த வேலைகளுள் ஒன்றைக் கற்கவே பல ஆண்டுகள் பிடித்தன. எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்துவிட்டோம். அந்தக் கைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைத் திருகோணமலை மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகளின் அதிபர்களும் ஆசிரியர்களும் அடுத்த தவணைக்குக் காத்திராமல் ஏற்பார்களாயின், வாரத்தில் 40 நிமிடம் போதுமானது.